பழைய வீடு, புது அறை, நடுவில் ஒரு விரிசல்

எண்பதுகளில் கட்டிய வீடு. ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்னால் கொஞ்சம் காலி இடம். பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை எழும்பும். வர்ணம் பூசி, பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு மழைக்காலம் போனதும் பார்த்தால், பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் தரையிலிருந்து தளம்வரை நேராக ஒரு கோடு. மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள். "சார், அது வெறும் ஹேர் கிராக். பட்டி வெச்சுப் பெயின்ட் அடிச்சா போயிடும்" என்பார். பட்டி வைப்பார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே கோடு.

கலவையில் சிமென்டைக் குறைத்துவிட்டார் என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கலவைதான் காரணம் என்றால் விரிசல் சுவரில் எங்கே வேண்டுமானாலும் வர வேண்டும். ஊர் மாறி, கொத்தனார் மாறி, சிமென்ட் கம்பெனி மாறியும் அது ஏன் சொல்லிவைத்தாற்போல் ஒட்டுகிற இடத்திலேயே வருகிறது? இதற்குப் பதில் தேட முதலில் சுவருக்குக் கீழே போக வேண்டும்.

கட்டுகிற அறையின் எடை என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் பத்தடி உயரத்துக்கு எழுப்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 1,300 கிலோ. மேற்சொன்ன அறைக்கு மூன்று பக்கம் புதுச் சுவர் என்றால், கதவு ஜன்னல் போகச் சுவர் மட்டும் ஏறக்குறைய 12 டன். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் 4 டன். பூச்சு, மேலே போடும் தட்டோடு எல்லாம் சேர்த்தால் 20 டன்னை நெருங்கிவிடும். இத்தனையையும், அதுவரை ஒரு துணி துவைக்கும் கல்லையும் நாலு செம்பருத்திச் செடியையும் மட்டுமே தாங்கிய மண்மீது ஏற்றுகிறோம். மண் அமுங்கத்தான் செய்யும். அமுங்குவதால் மட்டும் கேடு இல்லை. வீடு முழுக்க ஒரே சீராக அரை அங்குலம் இறங்கினால் குடியிருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காமல் நின்றால்தான் வம்பு. பொறியாளர்கள் கவலைப்படுவது இந்த வேறுபட்ட அமிழ்வைப் பற்றி. சுருக்கமாக 'வேற்றமிழ்வு' என்று வைத்துக்கொள்வோம்.

இருபது வருடம் படுத்துப் படுத்து அமுங்கிப்போன இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இனி யார் படுத்தாலும் அது பெரிதாக இறங்காது. அதன் பக்கத்தில், நேற்றுப் பஞ்சடைத்த மெத்தை ஒன்றை அதே உயரத்துக்குச் சரிசெய்து வைத்து, இரண்டின் உறையையும் சேர்த்துத் தைத்துவிடுகிறோம். புது மெத்தையில் ஆள் படுத்ததும் எது விடும்? தையல். பழைய வீட்டின் அடிமண் அமுங்கி முடித்த பஞ்சு. புது அறையின் அடிமண் இன்றுதான் அமுங்கத் தொடங்குகிறது. இரண்டையும் பிணைப்பதற்காகக் கொத்தனார் பழைய சுவரைக் கொத்திப் பல்விட்டுச் செருகும் செங்கற்கள்தான் அந்தத் தையல்.

அமுங்கி முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது மண்ணைப் பொறுத்தது. மணலாக இருந்தால் பெரும்பகுதி அமுக்கம் கட்டி முடிப்பதற்குள்ளேயே முடிந்துவிடும். களிமண்ணில் மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர் கார்ல் டெர்சாகி. பிராகில் பிறந்த ஆஸ்திரியப் பொறியாளர். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து 1925 வரை இஸ்தான்புல்லில் பாடம் நடத்திக்கொண்டே களிமண்ணைச் சோதித்துவந்தார். சோதனை எளியது. ஓர் உலோக வளையத்துக்குள் ஈரக் களிமண் வில்லை, அதற்கு மேலும் கீழும் தண்ணீர் கசிந்து வெளியேற நுண்துளைக் கல், மேலே எடை. வில்லை எவ்வளவு மெலிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அளக்க வேண்டும். எடையை வைத்த கணத்தில் அதைத் தாங்குவது களிமண் துகள்கள் அல்ல, அவற்றுக்கு நடுவே சிக்கியிருக்கும் தண்ணீர் என்பது அவருக்குப் புரிந்தது. தண்ணீர் மெல்லக் கசிந்து விலக விலகத்தான் சுமை துகள்கள்மீது இறங்குகிறது. மண் நெருங்கி இறுகுகிறது. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் அந்தக் கசிவு ஆமை வேகத்தில் நடக்கும். களிமண் அடுக்கின் கனம் இரண்டு மடங்கானால் இறுகுவதற்கு ஆகும் காலம் நான்கு மடங்காகும் என்பதும் அவர் கணக்கில் வந்து விழுந்தது. இந்த நிகழ்வை நீர்பிரி இறுக்கம் எனலாம். மண் விசையியல் என்ற துறை தனக்கென்று நின்றது 1925ல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகுதான்.

நீர்பிரி இறுக்கத்துக்குப் பைசா கோபுரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 1173ல் தொடங்கிய வேலை மூன்றாம் அடுக்கை எட்டிய சமயத்தில் நின்றுபோனது. போர்கள். மறுபடி தொடங்கியது 1272ல். ஏறக்குறைய நூறு ஆண்டு ஓய்வில் அடியிலிருந்த களிமண் தண்ணீரைப் பிழிந்துவிட்டு வலுப்பெற்றது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே சரிந்திருக்கும் என்பது மண் பொறியாளர்களின் கணிப்பு. நம் பழைய வீட்டின் அடியிலும் இதே வேலை, சின்ன அளவில், முப்பது நாற்பது ஆண்டுகளாக நடந்து முடிந்திருக்கிறது. நம் புது அறைக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. பூச்சு உலர்வதற்கு முன்பே நாள் குறித்துவிடுகிறோம்.

மண்ணை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கான்கிரீட்டும் பிறந்தபின் சுருங்குகிற பொருள். வார்த்தபோது இருந்த உபரித் தண்ணீர் உலரும்போது, நம் நாட்டு விதிநூலின் கணக்குப்படி, மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் சுருக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான்கு மீட்டர்த் தளத்துக்கு 1.2 மில்லிமீட்டர். பழைய தளம் தன் சுருக்கத்தை எப்போதோ முடித்துவிட்டது. புதுத் தளத்தின் கம்பியைப் பழைய தளத்தில் துளைபோட்டுச் செருகி இறுக்கிவிட்டால், சுருங்க இடம் தேடும் புதுத் தளம் பலவீனமான இடமாகப் பார்த்துப் பிளக்கும்.

இதன்மேல் வெயில் வேறு. மொட்டைமாடித் தளம் 10 மீட்டர் நீளம் என்றால், அதன் சூடு 20 டிகிரி ஏறி இறங்கும்போது அது சுமார் 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். கீழே இருக்கும் செங்கல் சுவர் அதே சூட்டுக்கு அதில் பாதிதான் நீளும். அந்தச் சூடும் அதற்குக் கிடைப்பதில்லை, நிழலில் நிற்கிறது. தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசலைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். தளம் சுவரின் உச்சியை ஒவ்வொரு நாளும் தள்ளி இழுத்ததன் தடயம் அது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளில் இது குறைவு. சுண்ணாம்பு சிமென்டைவிடக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். மயிரிழை விரிசலில் மழைநீர் பட்டால் கரையும் சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கல்லாகி இடைவெளியை ஓரளவு தானே அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்புக் காரையில் எழுந்த பழைய வீட்டோடு சிமென்ட் அறையை ஒட்டுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வளைகிற சுவரும் வளையாத சுவரும் ஒன்றாக நடக்கா.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல்காரர்கள் இதுவரை படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். அவர்கள் மண் கீழே போவது மட்டுமல்ல, மேலேயும் வரும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் நிலம் ஐப்பசி மழைக்கு உப்பிக்கொள்கிறது. கரிசலில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நுண்ணிய தகடுகளாக அடுக்கப்பட்டது. தகடுகளுக்கு இடையே பிடிமானம் தளர்வு. தண்ணீர் மூலக்கூறுகள் அந்த இடுக்கில் புகுந்து தகடுகளைத் தள்ளிப் பிரிக்கின்றன. உலர்ந்ததும் தகடுகள் மறுபடி நெருங்குகின்றன.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று. இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கும் முறை. சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் போடுகிறார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். கலக்கி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, ஒருநாள் அசையாமல் வைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் அடியில் அடக்கமாகப் படிந்திருக்கும். தண்ணீரில் கரிசல் பொதபொதவென்று உயர்ந்து நிற்கும். மண்ணெண்ணெய் எதற்கு? தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின் சாயலும் மறுமுனையில் எதிர்மின் சாயலும் உண்டு. களிமண் தகடுகளின் மின்னூட்டம் அதை இழுக்கிறது. மண்ணெண்ணெயில் அந்தச் சாயல் இல்லாததால் தகடுகள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே உப்பாத மண் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இரண்டு உயரத்துக்கும் உள்ள வேறுபாடு 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கடைக்கால் முறையை உருவாக்கியது: மழையும் வெயிலும் எட்டாத ஆழம்வரை துளையிட்டு, அடியில் குடைபோல அகலப்படுத்தி, கான்கிரீட் நிரப்பும் தூண்கள். மேல்மண் எவ்வளவு ஆடினாலும் வீட்டின் பிடி ஆடாத ஆழத்தில் இருக்கும்.

ஆக, காரணங்கள் பல: புது மண்ணின் அமுக்கம், கான்கிரீட்டின் சுருக்கம், வெயில், கரிசலின் உப்பல். உங்கள் வீட்டு விரிசலுக்கு எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிசலைப் பார்த்தால் மட்டும் போதாது. அது எப்போது அசைகிறது என்று பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அகலம் மாறுகிறது என்றால் அது வெயிலின் வேலை. மே மாதம் திறந்து டிசம்பரில் மூடிக்கொள்கிறது என்றால் உப்பும் மண். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஒரே திசையில் விரிந்துகொண்டே போனால் அமிழ்வு, அல்லது சுருக்கம். அமிழ்வாக இருந்தால் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். புது அறையின் வெளிப்பக்கக் கடைக்கால் அதிகமாக இறங்கும்போது அறை பழைய வீட்டிலிருந்து சற்றே வெளியே சாயும். விரிசல் மேலே அகலமாகவும் கீழே வர வரக் குறுகியும் இருக்கும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நீண்டால் தெரிந்துவிடும். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் அரால்டைட்டால் ஒட்டினால், சுவர் அசைந்ததும் அது உடைந்து சொல்லும். உடைந்தது என்று சொல்லுமே தவிர எவ்வளவு, எந்தத் திசையில் என்று சொல்லாது. அதற்கு விரிசலின் இருபுறமும் ஒவ்வோர் ஆணி அறைந்து, இடைத்தூரத்தை வெர்னியர் காலிப்பரால் மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைப்பது மேல். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலில் 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட விரிசல் வர்ணப் பூச்சோடு போகிற சங்கதி. 5 வரை அழகுக் குறைவு. 25ஐத் தாண்டினால் சுவரின் வலிமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலை. மேஸ்திரி சொன்ன ஹேர் கிராக் பெரும்பாலும் முதல் வகைதான் என்பதால் அவரை முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். அது போய்விடும் என்று சொன்னதுதான் தவறு.

இனி கட்டடக் கலைஞரின் வேலைக்கு வருவோம். இணைந்து நகர முடியாத இரண்டை இறுக்கிக் கட்டுவதைவிட, அவை தனித்தனியே நகர வழிவிடுவதே புத்திசாலித்தனம். புது அறைக்குத் தனிக் கடைக்கால், தனிச் சுவர் அல்லது தனிப் பில்லர். பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி, அடியிலிருந்து மாடிவரை. உள்ளே தெர்மாகோல், வெளி விளிம்பில் ரப்பர் போல் இழுபடும் சீலன்ட், அதன்மேல் ஒரு பக்கம் மட்டும் திருகிய அலுமினியப் பட்டி. இரு பக்கமும் திருகினால் எல்லாம் வீண். பட்டி வளையும் அல்லது திருகு பிடுங்கிக்கொள்ளும். மாடியில் இடைவெளியின் இரு கரையிலும் சிறு கட்டுச்சுவர் எழுப்பி மேலே மூடி போட வேண்டும். மழைத்தண்ணீர் புகுவது பெரும்பாலும் அங்கேதான். தரையில் ஒரே டைல்ஸை இரண்டு பக்கத்துக்கும் இழுத்துப் போடாமல் அங்கே ஒரு கிரானைட் பட்டை. கழிவுநீர்க் குழாய் அந்த இடத்தைக் கடக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். அங்கே குழாய் உடைந்தால், கசியும் நீர் கடைக்கால் மண்ணை நனைத்து விரிசலை வளர்க்கும்.

"வீடு ரெண்டாத் தெரியுமே" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் யோசித்து வரைந்தால் தெரியாது. பழைய வீட்டிலிருந்து புது அறைக்குப் போகும் வாசலை அந்த இடைவெளியிலேயே வைத்துவிட்டால், கோடு நிலைச் சட்டத்தின் நிழலுக்குள் போய்விடும். நாலடி இடம் விட முடிந்தவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. பின்சுவரோடு அறையை ஒட்டும்போது நடு அறை தன் ஜன்னலை இழந்து பகலிலேயே விளக்குப் போடும் நிலைக்கு வருவதைப் பார்த்திருக்கிறோம். ஒட்டாமல், நடுவே சின்ன முற்றம் விட்டு, இலேசான கூரை போட்ட ஒரு நடைவழியால் இணைத்தால் நடு அறைக்கு வெளிச்சமும் காற்றும் மிஞ்சும். மண்ணுக்கும் அது நல்லது. கடைக்காலின் அழுத்தம் நேர்கீழே மட்டும் போவதில்லை. பக்கவாட்டிலும் குமிழ்போல் பரவும். புதுச் சுவர் பழையதை ஒட்டி நின்றால் அந்தக் குமிழ் பழைய கடைக்காலின் அடியிலும் நுழைந்து அதையும் இழுத்துக்கொண்டு இறங்கும். தள்ளி நின்றால் தாக்கம் குறையும். இடமே இல்லாத மனையில் பில்லரை மூன்று நாலடி உள்ளே தள்ளி வைத்து, அங்கிருந்து பீமை நீட்டி அறையின் விளிம்பைத் தாங்கச் செய்வதும் இதற்காகத்தான்.

எல்லாருக்கும் இது தேவை என்று சொல்ல வரவில்லை. அடியில் பாறையோ கெட்டியான கிராவலோ இருந்து, கட்டுவதும் ஒரு சின்னக் குளியலறைதான் என்றால் ஒட்டிக் கட்டலாம், பெரிதாக ஒன்றும் ஆகாது. களிமண்ணிலும் கரிசலிலும் ஒட்டிக் கட்டச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் மட்டும் காரணம் கேளுங்கள்.

விரிசலைவிட ஆபத்தான ஒன்று மிச்சமிருக்கிறது. பைசா கோபுரத்தை 1990ல் மூடி, 2001ல் மறுபடி திறப்பதற்குள் அதன் சாய்வை உச்சியில் சுமார் 45 சென்டிமீட்டர் குறைத்தார்கள். செய்தது இதுதான்: சாயாத வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து, நாளுக்குக் கொஞ்சமாக, அளந்து அளந்து, மொத்தம் 38 கன மீட்டர் அளவுக்கு மண்ணை எடுத்தார்கள். எடுத்த இடத்தை நோக்கிக் கோபுரம் மெல்ல நிமிர்ந்தது. பழைய வீட்டை ஒட்டி ஜேசிபி வைத்து வானம் தோண்டும்போது நாமும் அதே காரியத்தைத்தான் செய்கிறோம், அளக்காமல், ஒரே காலையில். பழைய கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டினால் அதன் பக்கத்துணை போய்விடும். அந்தப் பள்ளத்தில் இரவு மழை தேங்கினால் பழைய சுவரே பள்ளத்துக்குள் வரலாம். ஆழம் தவிர்க்க முடியாதென்றால் மூன்று நாலடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

பழைய கடைக்கால் எவ்வளவு ஆழம், கீழே என்ன மண் என்று தெரியாமல் மேற்சொன்ன எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய சுவரையொட்டி ஓர் ஆள் இறங்கிப் பார்க்கும் அளவுக்கு ஒரே ஒரு குழி போதும்; ஒருவருக்கு அரைநாள் வேலை. பிளான் வரையச் சொல்வதற்கு முன் அந்தக் குழியை எடுத்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள்.